உறக்கம் குறைந்தால் உயிருக்கு ஊறு

(ரெம்பாவ் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)

 

உறக்கத்தைப் பற்றிப் பேச வந்தவனின் பேச்சைக் கேட்டுக்கொண்டே ஒருவர் உறங்கிப் போனால், அது பேசியவனுக்கு வெற்றியா தோல்வியா என்று வேடிக்கையாகக் கேட்பதுண்டு. இங்கே எவரேனும் கண்ணயர்ந்தால் நான் வருந்தமாட்டேன். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, ஐந்நூறு அறுநூறு மரங்களைச் சீவி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டு வேலைகளையும் முடித்துக்கொண்டு மாலையில் இம்மண்டபத்துக்கு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர்களின் இமை கனப்பது குற்றமாகாது. அந்தக் கனத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நம்மவர்களிடையே உறக்கத்துக்கு நல்ல பெயர் இல்லை. சோம்பித் திரிபவனைத் தூங்குமூஞ்சி என்கிறோம். மாலையானதும் இலையை மடக்கிக்கொள்ளும் அந்தப் பெருமரத்துக்கும் அதே பெயரைச் சூட்டிவிட்டோம். கும்பகருணனை நினைத்துச் சிரிக்கிறோம். பதினான்கு ஆண்டுகள் கண்ணிமைக்காமல் அண்ணனைக் காத்த இலக்குவனைப் போற்றுகிறோம். வள்ளுவப் பெருந்தகையும் கெடுவார் விரும்பும் நான்கனுள் ஒன்றாகத் துயிலைச் சொல்லியிருக்கிறாரே என்று சிலர் எடுத்துக்காட்டுவர். அவர் கடிந்தது சோம்பலோடு கூடிய அளவற்ற துயிலை என்பதே என் எண்ணம். உழைத்துக் களைத்தவன் இரவில் கொள்ளும் உறக்கத்தை அவர் குறை கூறியதாக நான் கொள்ளவில்லை. இலக்குவனைப் போல் விழித்திருக்க நினைப்பவர்கள், அவன் தெய்வப் பிறவி என்பதையும், மறுநாள் காலையில் அவனுக்குப் பெரட்டு இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உங்கள் தொழில் ஏன் இருட்டில் தொடங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியாததன்று. இரவில் மரம் நீரை இழப்பது குறைவு. ஆதலால் பட்டைக்குள் ஓடும் பால் குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில் மிகுந்து நிற்கிறது. வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக விடுகின்றன. குழாய்களின் அழுத்தம் தளர்கிறது. மங்கில் விழும் பாலும் குறைகிறது. ஆகவே மரத்தின் நலத்தைக் கருதினால் அதிகாலை வெட்டே சிறந்தது. ஆனால் மரத்துக்கு உகந்த அந்த வேளை, மனித உடலுக்கு மிகவும் தளர்ந்த வேளை. நம் உடலின் வெப்பம் நாள் முழுதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. அது விடியலுக்கு முன், நான்கு ஐந்து மணி அளவில், மிகத் தாழ்ந்த நிலைக்கு இறங்குகிறது. அப்பொழுது கவனமும் கைவேகமும் அதனோடு சேர்ந்து இறங்குகின்றன.

இதில் இன்னொரு செய்தி உண்டு. இதை நம்மில் வயதானவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 1981ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இரவு பதினொன்றரை மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளப்பட்டு, உடனே 1982 பிறந்துவிட்டது. சபா, சரவாக் மாநிலங்களோடு நாடு முழுவதற்கும் ஒரே நேரம் இருக்கவேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. நாட்டுக்கு நன்மையே. ஆனால் கதிரவன் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளவில்லை. இன்று ரெம்பாவில் சூரியன் உச்சிக்கு வரும்போது நம் கடிகாரம் ஒரு மணி கடந்து ஏறத்தாழப் பத்து நிமிடம் காட்டுகிறது. அப்படியானால் பெரட்டுக் களத்தில் ஐந்தரை மணிக்கு நிற்கும் தொழிலாளி, வானத்துக் கணக்கில் நாலேகால் மணிக்கே நிற்கிறார். மாலையிலோ ஏழு மணிக்கும் வெளிச்சம் போகாது. பிள்ளைகள் திடலை விட்டு வர எட்டாகும். உணவு முடிய ஒன்பதாகும். தொலைக்காட்சியும் கைப்பேசியும் அடங்கப் பதினொன்றாகும். காலையில் கதிரவனை முந்திக்கொண்டு எழுகிறோம். இரவில் அவனைப் பின்தொடர்ந்து தாமதிக்கிறோம். இரண்டு பக்கமும் கடிபடுவது உறக்கந்தான்.

வளர்ந்த ஒருவருக்கு இரவில் குறைந்தது ஏழு மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் முடிவு. பள்ளி செல்லும் சிறுவர்களுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரமும், பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரமும் தேவை. நாலரைக்கு எழுபவர் ஏழு மணி நேரம் உறங்க வேண்டுமானால் ஒன்பதரைக்கே படுத்துவிட வேண்டும். இங்குள்ளவர்களில் எத்தனை பேர் ஒன்பதரைக்குப் படுக்கிறோம்?

"எனக்கு ஐந்து மணி நேரமே போதும், பழகிவிட்டது" என்று சொல்வோர் பலர். இப்படிச் சொல்வதிலேதான் ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உடல்நலமுள்ள சிலரை இரண்டு வாரங்களுக்கு இரவுதோறும் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ மட்டுமே உறங்கவிட்டார்கள். இரண்டு வார முடிவில் அவர்களுடைய கவனமும் செயல்திறனும், ஓரிரு இரவுகள் முற்றிலும் கண்விழித்தவர்களின் நிலைக்குத் தாழ்ந்துவிட்டன. ஆனால் தாங்கள் அவ்வளவு தாழ்ந்துவிட்டதை அவர்கள் உணரவே இல்லை. உறக்கம் குறைந்த மூளைக்குத் தன் குறையை அளக்கும் ஆற்றலும் குறைந்துவிடுகிறது. பழகிப்போனது நம் எண்ணந்தான்; உடல் அதற்குப் பழகவில்லை.

இது உங்கள் உளி முனையில் எப்படித் தெரியும் என்பதைப் பாருங்கள். நல்ல வெட்டு என்பது, மரத்தின் உயிர்த்தோலுக்கு முன் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பட்டையை மட்டும் விட்டுச் சீவுவது. அதற்கு மேல் விட்டால் பால் குறையும். அதைத் தாண்டினால் மரத்தில் காயம் விழும். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பின் மறுபடி கோடு போட வரும்போது தொல்லை கொடுக்கும். தலைவிளக்கின் சிறு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான தடவை, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் கை நிற்க வேண்டும். வேறு எத்தனை தொழில்களில் விடியற்காலை இருட்டில் இவ்வளவு நுட்பம் கேட்கிறார்கள்? கண் எரிச்சலோடு நிரையில் இறங்குபவருக்கு முதலில் மரம் காயப்படும். பிறகு விரல் காயப்படும். கால் வைக்கும் இடத்தில் என்ன கிடக்கிறது என்பதையும் அரைத்தூக்கக் கண் பார்க்காது. பால் ஸ்டோரில் அமிலத்தைக் கலப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எனினும், உளியினும் பெரிய ஆபத்து மோட்டார் சைக்கிளில் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

களைத்த மூளை, உடையவரிடம் கேளாமலே சில விநாடிகள் உறங்கிவிடும். கண் திறந்தே இருக்கலாம். கை பிடியிலேயே இருக்கலாம். ஆனால் அந்தச் சில விநாடிகள் மூளை எதையும் காணாது. இதைக் குறுந்தூக்கம் எனலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. மூன்று விநாடிக் குறுந்தூக்கம் என்றால் 50 மீட்டர். அதாவது, நிரையில் வரிசையாக நிற்கும் பல மரங்களைக் கடந்துசெல்லும் தூரத்துக்கு அந்த வண்டியை ஓட்ட ஆளே இல்லை. தோட்டத்துச் செம்மண் பாதையில் அது பள்ளத்தில் விழலாம். பெரிய சாலையிலோ, பெடாஸ் லிங்கி வழியாக ஏறும் நெடுஞ்சாலையிலோ, எதிரிலும் பின்னாலும் லாரிகள் வருகின்றன.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஒரு கணக்கு நினைவில் வைக்கத் தக்கது. தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் நூறு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் மது உள்ளவரின் நிலைக்குத் தாழ்கிறது. இருபத்து நான்கு மணி நேரம் விழித்திருந்தால் அது 100 மில்லிகிராமுக்கு ஒப்பாகிறது. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டபோது, வாகனம் ஓட்டுவோருக்கான வரம்பு 80 மில்லிகிராமிலிருந்து அதே 50 மில்லிகிராமுக்குத் தாழ்த்தப்பட்டது. இப்பொழுது கணக்கிடுங்கள். காலை நாலரைக்கு எழுந்தவருக்கு இரவு ஒன்பதரையோடு பதினேழு மணி நேரம் முடிகிறது. உறவினர் வீட்டுக் கல்யாண வரவேற்புக்குச் சென்று, ஒரு சொட்டு மதுவும் தொடாமல், இரவு பதினோரு மணிக்கு மனைவியையும் குழந்தையையும் பின்னால் ஏற்றிக்கொண்டு சிரம்பானிலிருந்து திரும்புகிற நல்ல மனிதர், தம்மை அறியாமலேயே அந்த வரம்பைக் கடந்தவருக்கு ஒப்பாக இருக்கிறார். அவரை நிறுத்திச் சோதிக்கப் போலீசாரிடம் கருவி இல்லை. உண்மையிலேயே குடித்தும் இருப்பவரைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை.

தைப்பூசத்துக்குப் பத்துமலை சென்று இரவெல்லாம் நடந்து மறுநாள் வண்டியோட்டித் திரும்புவோரும், சிவராத்திரியில் கண்விழித்தோரும், தோட்டத்துத் திருவிழாவில் விடிய விடியப் பணி செய்தோரும் இதைக் கருத வேண்டும். கண்விழிப்பதைக் குறை கூறவில்லை. அது அவரவர் பக்தி. விழித்த கண்ணோடு வண்டியைத் தொடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். உறங்கி எழுந்த ஒருவரை ஓட்டச் சொல்லுங்கள். அல்லது கோயில் மண்டபத்திலேயே படுத்து எழுந்து வாருங்கள்.

உறக்கக் குறைவைப் போலவே, உறக்கத்திலிருந்து சட்டென்று எழுவதும் தீங்கு செய்யும் என்பதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. 2010ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் காலை ஆறு மணி அளவில், துபாயிலிருந்து இரவில் பறந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒன்று மங்களூரில் இறங்கும்போது ஓடுபாதையைக் கடந்து மலைச்சரிவில் விழுந்து தீப்பற்றியது. அதில் இருந்த 166 பேரில் 158 பேர் மாண்டனர். வளைகுடா நாடுகளில் பாடுபட்டு, ஊர் திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் அதில் இருந்தார்கள். விசாரணையின்போது விமான அறையின் ஒலிப்பதிவு ஆராயப்பட்டது. தலைமை விமானி ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக உறங்கியிருந்தார் என்பதும், இறங்குவதற்குச் சற்று முன்னரே விழித்தார் என்பதும் தெரியவந்தன. விமானம் வேண்டிய உயரத்துக்கு மேலே இருந்தது. துணை விமானி, இறங்காமல் மேலெழும்பிச் சுற்றி வரலாம் என்று மும்முறை கூறினார். அதை ஏற்று முடிவு செய்யும் தெளிவு தலைமை விமானிக்கு வரவில்லை. உறக்கத்திலிருந்து எழுந்தவுடன் மூளையில் படிந்து நிற்கும் மந்தநிலை இதற்குத் துணைக் காரணங்களுள் ஒன்று என்று விசாரணை மன்றம் குறிப்பிட்டது.

அந்த மந்தநிலை பதினைந்து நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும், நீடிக்கும். ஐந்தரைப் பெரட்டுக்கு ஐந்தே காலுக்கு எழுந்து, முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு வண்டியை உதைத்துக் கிளப்பும் இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அனுபவமுள்ள விமானிக்கே வராத தெளிவு அவர்களுக்கு அந்த நேரத்தில் எங்கிருந்து வரும்? எழுந்தபின் அரை மணி நேரம் வீட்டில் இருங்கள். விளக்கைப் போடுங்கள், சூடாக ஏதேனும் பருகுங்கள், பிறகு புறப்படுங்கள்.

நோய்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெடுநாள் உறக்கம் குறைந்தவர்களுக்கு இரத்த அழுத்தம், நெஞ்சு நோய், சர்க்கரை நோய், உடற்பருமன் ஆகியவை வரும் வாய்ப்பு மிகுதி. உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடி, இனிப்பையும் கொழுப்பையும் நாக்கு தேடும். 2019ஆம் ஆண்டின் தேசிய நலக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே விகிதம் அதனினும் கூடுதல். மருந்து உண்டும் சர்க்கரை இறங்கவில்லை என்று வருந்துவோர் தம் உறக்கத்தையும் கணக்கிட்டுப் பார்க்கட்டும். தடிமன், காய்ச்சல் போன்றவையும் உறக்கம் குறைந்தவரையே எளிதில் பற்றுகின்றன.

இனி நான் சொல்லப்போவது ஆண்களுக்கு. ஒரு தோட்டத்து வீட்டில் மிகக் குறைவாக உறங்குபவர் யார்? காலையில் முதலில் எழுந்து அடுப்பை மூட்டுபவர் தாய். எல்லாரும் படுத்தபின் பாத்திரம் கழுவி, பள்ளிச் சட்டையை எடுத்து வைத்துக் கடைசியில் படுப்பவரும் தாய். இடையில் கைக்குழந்தை அழுதால் எழுபவரும் அவரே. கணவனுக்கு ஈடாக நிரை வெட்டிவிட்டு, அவனினும் ஒன்றரை இரண்டு மணி நேரம் குறைவாக உறங்குகிறார். "அவளுக்கு எப்போதும் சிடுசிடுப்பு" என்று குறை சொல்லுமுன், அவர் நேற்றிரவு எத்தனை மணி நேரம் உறங்கினார் என்று கேளுங்கள். இரவுப் பாத்திரத்தை ஒருநாள் அவர் கழுவட்டும், மறுநாள் நீங்கள் கழுவுங்கள். அதனால் மானம் போய்விடாது; மனைவிக்கு அரை மணி நேரம் கூடக் கிடைக்கும்.

பெண்களின் ஓய்வைப் பற்றிச் சட்டமும் ஒரு காலத்தில் தனியே பேசியது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, தொழிற்சாலையிலும் விவசாயத்திலும் பெண்களை இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை வேலை வாங்கக் கூடாது என்றும், தொடர்ந்து பதினோரு மணி நேரம் ஓய்வு பெறாமல் மறுநாள் வேலையைத் தொடங்கச் செய்யக் கூடாது என்றும் கூறியது. விதிவிலக்குக்கு இடம் இருந்தது உண்மை. 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. ஆணுக்குள்ள வேலை வாய்ப்பு பெண்ணுக்கும் வேண்டும் என்னும் நோக்கம் பாராட்டத்தக்கதே. ஆனால் இரவு வேலைத் தடையோடு பதினோரு மணி நேர ஓய்வு என்ற வேலியும் சேர்ந்து போயிற்று. அந்த வேலியை ஆண்களுக்கும் சேர்த்து விரித்திருக்கலாம் என்பது என் சொந்தக் கருத்து.

இருக்கும் பாதுகாப்பையாவது அறிந்துகொள்ளுங்கள். அதே நாளிலிருந்து வார வேலை நேரத்தின் உச்ச அளவு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யவேண்டுமானால், இடையில் அரை மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வு தரப்பட வேண்டும். வாரத்தில் ஒருநாள் முழு ஓய்வு உண்டு. காலையில் தோட்டத்திலும் இரவில் தொழிற்சாலையிலும் வேலை செய்து, அந்த ஓய்வு நாளையும் வேறிடத்தில் கூலிக்கு விற்றுவிடும் இளைஞர்களை நான் அறிவேன். கடனும் பிள்ளைகளின் படிப்பும் அவர்களை அப்படி ஓடச் செய்கின்றன. அவர்களைக் கடிந்து பயனில்லை. ஆனால் இரண்டு வேலைக்கும் இடையே மோட்டார் சைக்கிளில் செல்லும் அந்த அரை மணிப் பயணமே அவர்களுடைய நாளின் மிக ஆபத்தான பகுதி. அதை மட்டுமாவது பேருந்திலோ நண்பரின் காரிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல உறக்கத்துக்குச் செலவு அதிகமில்லை. ஓய்வு நாளிலும் ஏறக்குறைய வழக்கமான நேரத்துக்கே எழுவது நல்லது. பகலுணவுக்குப் பின் இருபது அல்லது முப்பது நிமிடம் படுத்தெழுவது பால் வெட்டுவோருக்கு மிகவும் ஏற்றது. ஆனால் நான்கு மணிக்கு மேல் படுத்தால் இரவு உறக்கம் தள்ளிப்போகும். கோப்பியின் வேகம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல் ஆகும். ஆதலால் பிற்பகலோடு அதை நிறுத்திக்கொள்ளலாம். கைப்பேசியின் வெளிச்சம், இன்னும் பகல்தான் என்று மூளையை ஏமாற்றும். அதைக் கையில் வைத்துக்கொண்டு படுப்பதை விட, சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு வாருங்கள். விடியற்காலை மணியடிக்கும்போது எழுந்து நடந்துசென்று நிறுத்த வேண்டியிருப்பதும் ஒரு நன்மையே. சம்சு குடித்தால் உறக்கம் வரும் என்பது அரை உண்மை. உடனே வரும், நள்ளிரவில் கலைந்துவிடும். பாதிச் சுவர் மட்டுமே பிரிக்கும் பழைய லயன் வீடுகளில் இருப்போர், பத்து மணிக்கு மேல் வானொலியின் ஒலியைத் தாழ்த்தினால், அடுத்த வீட்டார் அடையும் நன்மை தனி.

இன்னும் ஒன்று. உரத்த குறட்டையைச் செல்வச் செழிப்பின் அடையாளமாகக் கருதிச் சிரிப்பவர்கள் உண்டு. குறட்டை நடுவே மூச்சு நின்று, சற்றுப் பொறுத்துத் திணறலோடு மறுபடி தொடங்குமானால், அது நோய். அப்படிப்பட்டவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் இரவெல்லாம் பல தடவை அரைகுறையாக விழித்தெழுகிறார். பகலில் பெரட்டில் நின்றபடியே கண்ணயர்கிறார். இது அவருக்குத் தெரியாது. பக்கத்தில் படுப்பவருக்கே தெரியும். ஆகையால் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அவர் தனியே போவதில் பயன் குறைவு. மனைவியும் உடன் சென்று, மூச்சு எப்படி நிற்கிறது, எத்தனை தடவை நிற்கிறது என்பதை மருத்துவரிடம் நேரில் சொல்ல வேண்டும்.